நியூ ஜெர்சியில் ஒரு தன்னார்வ மீட்புக் குழுவில்: பயிற்சியும் பணியும்

நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுப்பகுதியில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், இரவு நேரத்தில் ஒருவர் 911 என்ற எண்ணை அழைத்து நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால், அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆம்புலன்ஸில் இருப்பவர்கள் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லர். பகலில் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர், மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணிபுரியும் பெண்மணி, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாணவர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் என்று ஊரில் அன்றாடம் நாம் கடந்து செல்லும் மனிதர்களே அந்தச் சீருடையில் வருகிறார்கள். அங்கே குடியேறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் எனக்கு இது தெரியாது. எதிர் வீட்டுப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று வந்திறங்கிய மூவரில் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் வசிப்பவர் என்பதைக் கண்ட பிறகே விசாரித்தேன். விசாரித்த சில வாரங்களில் விண்ணப்பமும் கொடுத்தேன். மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்கு அதுவரை மருத்துவத்தோடு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஒருவர் இந்தக் குழுவில் என்ன கற்கிறார், எப்படிக் கற்கிறார், அந்தக் கல்வியில் எது இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு உடனடியாகப் பயன்படும் என்பதை எழுத விரும்புகிறேன்.

இத்தகைய குழுக்களை இங்கே ரெஸ்கியூ ஸ்குவாட் என்றும் ஃபர்ஸ்ட் எய்ட் ஸ்குவாட் என்றும் அழைக்கிறார்கள். இவற்றின் வரலாற்றைப் புதியவர்களுக்கான முதல் மாலை வகுப்பிலேயே எங்கள் கேப்டன் சொன்னார். வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்பவர் 1909இல் சிறுவனாக இருந்தபோது, ஆற்றில் படகு கவிழ்ந்து இருவர் மூழ்கினர். கரையில் இருந்தவர்களுக்கு அவர்களை மீட்கும் வகை தெரியவில்லை. அந்தக் காட்சியை மறக்காத வைஸ், தம்முடன் ரயில்வேயில் பணிபுரிந்த நண்பர்களைச் சேர்த்து 1928இல் ஓர் உயிர்காப்பு, முதலுதவிக் குழுவைத் தொடங்கினார். முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களால் சுதந்திரமாக இயங்கிய முதல் அமெரிக்க மீட்புக் குழு என்று அதையே கொண்டாடுகிறார்கள். நியூ ஜெர்சியின் குழுக்களும் அடுத்த ஆண்டே மாநில அளவில் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் நாட்டின் மற்ற பகுதிகளில் நிலைமை வேறாக இருந்தது. தேசிய அறிவியல் கழகம் 1966இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனங்களே செய்து வந்தன என்று பதிவு செய்தது. ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வசதி அவர்களுடைய வண்டிகளில்தான் இருந்தது. நோயாளியை ஏற்றிக்கொண்டு விரைவதைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையிலிருந்து, ஈ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளருக்கு நாடு முழுவதற்கும் ஒரு பாடத்திட்டம் உருவானது அந்த அறிக்கைக்குப் பிறகுதான். பயிற்சியில் எங்கள் ஆசிரியர்கள் ஏன் இத்தனை கண்டிப்பாக இருக்கிறார்கள் என்பது அந்த வரலாற்றைக் கேட்ட பின் எனக்கு விளங்கியது.

விண்ணப்பித்த உடனே யாரையும் வண்டியில் ஏற்றிவிடுவதில்லை. பின்னணிச் சோதனை, உடல் தகுதிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, என்95 முகக்கவசம் முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனை ஆகியவை முதலில் முடிய வேண்டும். பேரிடர்க் காலத்தில் பல துறைகள் ஒரே தலைமையின்கீழ் எப்படி இயங்குவது என்பதற்கான மத்திய அரசின் இணையவழிப் பாடங்களும் உண்டு. அதன் பிறகு, இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தியும் மூச்சு ஊதியும் உயிர்காக்க முயலும் சிபிஆர் முறைக்கான சான்றிதழ். இவையெல்லாம் முடிந்து தகுதிகாண் உறுப்பினராகச் சேரும்போது கிடைக்கும் முதல் வேலை, வண்டியைச் சரிபார்ப்பது.

அந்த வேலையைப் புதியவர்கள் சிலர் எடுபிடி வேலை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதுவே மிகச் சிறந்த பாடம். ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியையும் திறக்க வேண்டும். ஆக்ஸிஜன் உருளையின் அளவுமானியைப் பார்க்க வேண்டும். நிரம்பிய உருளை பிஎஸ்ஐ என்ற அழுத்த அலகில் ஏறத்தாழ 2,000 காட்டும். பெரியவர், குழந்தை, கைக்குழந்தை என்று மூன்று அளவுகளிலும் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் பைகள் இருக்கின்றனவா, சளியையும் வாந்தியையும் உறிஞ்சும் கருவி இயங்குகிறதா, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியின் ஒட்டுப் பட்டைகள் காலாவதியாகிவிட்டனவா, பிரசவத்துக்கான பொட்டலம் பிரிக்கப்படாமல் இருக்கிறதா, இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டைகள் எத்தனை இருக்கின்றன என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். எங்களுக்குப் பயிற்சி அளித்த மூத்த உறுப்பினர் ஒருவர், பட்டியல் முடிந்த பிறகு வண்டியின் உள்விளக்கை அணைத்துவிட்டு, "உறிஞ்சு குழாயை எடுங்கள், கைக்குழந்தைக்கான முகமூடியை எடுங்கள்" என்று கேட்பார். இருட்டில் கை நேராக அந்த அலமாரிக்குப் போகும்வரை அவர் விடமாட்டார். ஓடும் வண்டியில், மயங்கிக் கிடப்பவர் திடீரென்று வாந்தி எடுக்கும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்பதை அவர் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஈ.எம்.டி. வகுப்பு ஏறத்தாழ 200 மணி நேரம் நீளக்கூடியது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றபடி வாரத்தில் இரண்டு மாலைகளும் சனிக்கிழமைகளும் என்று சில மாதங்களுக்கு நடத்துகிறார்கள். உடற்கூறு, சுவாசம், இதயம், நீரிழிவு, ஒவ்வாமை, எலும்பு முறிவு, தீக்காயம், பிரசவம், மனநலச் சிக்கல்கள், விஷம், போதைமருந்து அதிகமாகிச் சுவாசம் தடைப்படும்போது மூக்கில் செலுத்தும் நலோக்சோன் என்று பாடம் விரிந்துகொண்டே போகும். முடிவில் செய்முறைத் தேர்வும், அவசர மருத்துவ உதவியாளர்களுக்கான தேசியப் பதிவகத்தின் கணினித் தேர்வும் உண்டு. கணினித் தேர்வில் ஒவ்வொரு கேள்வியும் முந்தைய விடையைப் பொறுத்துக் கடினமாகவோ எளிதாகவோ வரும். தேர்வரின் தரம் கணினிக்குத் தெளிவானவுடன் தேர்வு நின்றுவிடும்.

இத்தனை பாடங்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஒரு வரிசை. முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார், கையுறை அணி, எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று எண்ணு, கூடுதல் உதவி தேவையா என்று முடிவு செய். நோயாளியைக் கண்டவுடன் விழிப்போடு இருக்கிறாரா, குரலுக்கு எழுகிறாரா, வலி கொடுத்தால் மட்டும் அசைகிறாரா, எதற்குமே அசையவில்லையா என்று பார். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் ஆகியவற்றைச் சோதி. உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே அறிகுறிகள், ஒவ்வாமை, மருந்துகள், பழைய நோய்கள், கடைசியாக உண்டது, இது தொடங்குவதற்கு முன் நடந்தது என்று கேள்விகளுக்குப் போ. வகுப்பில் இதை ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் உதவியாளராகவும் நடித்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினோம். வீட்டில் என் மனைவியும் மகளும் பலமுறை நோயாளிகளாயினர். "பதறாத காரியம் சிதறாது" என்று நம் பெரியோர் சொன்னார்கள். ஆனால் பதறாதே என்று ஒருவரிடம் சொல்வதால் பதற்றம் போவதில்லை. அடுத்து செய்ய வேண்டியது எது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருந்தால், மனம் பதறினாலும் கை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இந்தப் பயிற்சியின் உயிர்நாடி அதுதான் என்று நான் கருதுகிறேன்.

வரிசை எதற்காக என்பதை ஒரு நிகழ்வைக் கொண்டு சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு தாயார், இரவு உணவுக்குப் பின் மேல்வயிறு பிடித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் சரியாகாமல் வியர்த்துக் கொட்டவே அழைத்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, நெற்றியும் கழுத்தும் ஈரமாக, தோல் தொடச் சில்லென்று இருந்தது. மகன் ஆங்கிலத்தில் எங்கள் குழுத் தலைவரிடம், அஜீரணமாகத்தான் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவின் முன் மண்டியிட்டு, "அம்மா, எங்க வலிக்குது, கையால தொட்டுக் காட்டுங்க" என்று கேட்டேன். அவர் விரலால் ஓரிடத்தைக் காட்டாமல், உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தினார். "வலின்னு சொல்ல முடியாதுப்பா, பாறாங்கல்ல வச்ச மாதிரி இருக்கு" என்றார். கை, தாடை, முதுகு எங்கேயாவது பரவுகிறதா என்று கேட்டபோது, இடது தோள் மதியத்திலிருந்தே கடுப்பதாகவும், மகனுக்குத் தொந்தரவு என்று சொல்லவில்லை என்றும் சொன்னார். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இப்படி மாறுவேடத்தில் வருவது உண்டு என்று வகுப்பில் படித்ததை அன்று நேரில் கண்டேன்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் வரிசைப்படியே நடந்தன. ஒருவர் இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்தார். ஆஸ்பிரின் ஒவ்வாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, வயிற்றில் புண்ணோ இரத்தக் கசிவோ உண்டா, இன்றைக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டாரா என்று கேட்டுத் தெளிந்த பின், எங்கள் மருத்துவ இயக்குநரின் நெறிமுறைப்படி 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் நான்கைக் கொடுத்து நன்றாக மென்று விழுங்கச் சொன்னோம். இந்த மாநிலத்தில் எங்களைப் போன்ற குழுக்கள் அடிப்படை உதவியையே செய்கின்றன. ஊசி மருந்தும் இதயத் துடிப்புப் படமும் மேல்நிலைப் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளின் பொறுப்பு. அவர்கள் மருத்துவமனைகளைச் சார்ந்தவர்கள். தனி வண்டியில் இருவராக வருவார்கள். அன்றும் வந்தார்கள், இசிஜி எடுத்து, அதைச் சாலையில் இருக்கும்போதே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இதய இரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் ஆய்வுக்கூடத்தை அந்தப் படத்தைப் பார்த்தே மருத்துவமனையினர் தயார் செய்தார்கள். முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 90 நிமிடங்களுக்குள் இரத்தக்குழாயைத் திறந்துவிட வேண்டும் என்பது இங்கு பின்பற்றப்படும் இலக்கு. அந்தத் தாயாரை மகனே காரில் அழைத்துச் சென்றிருந்தால், அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில்தான் அந்தக் கணக்கு தொடங்கியிருக்கும். வழியில் இதயம் நின்றிருந்தால் காரில் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. நம் குடும்பங்களில் பலரும் "நாமே வண்டியில் கூட்டிப் போய்விடலாம், சீக்கிரம் போகலாம்" என்று நினைப்பதை நான் தொடர்ந்து காண்கிறேன். ஆம்புலன்ஸ் என்பதை விரைவான வாகனமாக மட்டும் பார்ப்பதால் வரும் எண்ணம் அது. சிகிச்சை வீட்டுக் கூடத்திலேயே தொடங்குகிறது என்பதை இவர்களுக்கு எப்படியாவது புரியவைத்துவிட வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும் பெற்றோர் ஆறு மாத மாத்திரைகளை அட்டை அட்டையாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவருகிறார்கள். அட்டைகளைக் கத்தரித்து வைத்திருப்பதால் பாதிப் பெயர் போய்விடும். மீதிப் பெயரும் இந்திய வணிகப் பெயராக இருப்பதால் இங்குள்ள உதவியாளர்களுக்கு ஒன்றும் புரியாது. ஈகோஸ்ப்ரின் என்பது ஆஸ்பிரின், கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின், டெல்மா என்பது டெல்மிசார்டன், தைரோநார்ம் என்பது லெவோதைராக்ஸின் என்று எனக்குத் தெரியும்; என் அருகில் நிற்கும் சக உறுப்பினருக்குத் தெரியாது. நாம் பாரசிட்டமால் என்பதைக்கூட இங்கே அசெட்டமினோஃபென் என்கிறார்கள். நாக்கடியில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பல பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், நாங்கள் வருவதற்குள் எத்தனை எடுத்தார், எப்போது எடுத்தார் என்பது எங்களுக்குக் கட்டாயம் தெரிந்தாக வேண்டும். ஆகவே மூலக்கூற்றுப் பெயர், அளவு, எடுக்கும் வேளை, ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்குமாறு நான் சந்திக்கும் எல்லாத் தமிழ்க் குடும்பங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அவசரத்தில் நாங்கள் முதலில் கண் வைக்கும் இடங்களில் அந்தக் கதவும் ஒன்று.

பக்கவாதத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்தவுடன், "கடைசியாக இவர் நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்போம். குடும்பத்தினர் பெரும்பாலும் அறிகுறியைக் கண்ட நேரத்தையே சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தபோது பேச்சு குழறியது என்றால், இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது நன்றாக இருந்தார் என்பதே எங்களுக்கு வேண்டிய விடை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், அந்த ஒரு நேரம் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மட்டும் யாரும் காத்திருக்க வேண்டாம்.

பயிற்சியில் நான் எதிர்பாராத அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டது தூக்குதல். இங்குள்ள வீடுகளில் படுக்கையறை மாடியில், படிகளில் தரைவிரிப்பு, நடுவில் ஒரு திருப்பம். ஸ்ட்ரெச்சர் அங்கே ஏறாது. ஸ்டேர் சேர் என்ற மடக்கு நாற்காலியில் நோயாளியை உட்காரவைத்து, நெஞ்சிலும் இடுப்பிலும் காலிலும் பட்டைகளைப் பூட்டி, தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகப் பிடித்து இறக்க வேண்டும். கால்பக்கம் இறங்குகிறவர் பின்னோக்கி நடப்பதால், மூன்றாமவர் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு "இன்னும் மூன்று படி, இன்னும் இரண்டு" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தால் தூக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் அந்த நாற்காலியில் கட்டி, மாடியிலிருந்து கீழே இறக்குவார்கள். பின்பக்கமாகச் சாய்த்த கணத்தில் வயிற்றில் ஒரு பயம் எழும். கை தானாகக் கைப்பிடிச் சுவரைப் பற்றப் போகும். நோயாளி அப்படிப் பற்றினால் மூவரும் உருள நேரிடும். அதனால்தான் இறக்குவதற்கு முன், "இப்போது பின்னால் சாய்ப்போம், விழ மாட்டீர்கள், கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொண்டோம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டியிடம் இதை அவருடைய மொழியில் சொல்லும்போது, இறுகியிருந்த தோள்கள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதயம் நின்றவரிடம் செய்யும் வேலையைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதன்று. நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுவதும் எழும்ப விட வேண்டும். 30 அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனெனில் களைத்த கை தனக்கே தெரியாமல் ஆழத்தைக் குறைத்துவிடும். மாறும்போது இடைவெளி பத்து வினாடியைத் தாண்டக் கூடாது. விலா எலும்பு முறியும் ஓசை கேட்டால் கையின் இடத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடர வேண்டும். பொம்மையில் எத்தனை முறை செய்தாலும் இந்த ஓசைக்கு மனம் பழகுவதில்லை. மின்னதிர்ச்சியால் மீட்கக்கூடிய நிலையில் விழுந்தவர் ஒருவருக்கு, சிபிஆரும் ஏஇடியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழு முதல் பத்து விழுக்காட்டைக் குறைக்கிறது என்பார்கள். நாங்கள் எத்தனை விரைந்து வந்தாலும் சில நிமிடங்கள் ஆகிவிடும். அந்த நிமிடங்கள் வீட்டிலிருப்பவர்களின் கையில் இருக்கின்றன. 911 இல் பேசுபவர் தொலைபேசியிலேயே எண்ணிக்கொண்டு வழிநடத்துவார். மூச்சு ஊதத் தெரியாவிட்டாலும் அழுத்தினால் போதும். பலர் அழுத்தாமல் தலையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அது அன்பினால் செய்வது. குறை சொல்ல மனம் வராது. தமிழ்ச் சங்க விழாக்களிலும் கோயில் வளாகங்களிலும் சிபிஆர் செய்முறையைக் காட்ட எங்கள் குழு எப்போது கூப்பிட்டாலும் வருவதற்கு அதுவே காரணம்.

வண்டி ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி. விளக்கும் சைரனும் வழி கேட்பதற்கான உரிமையைத்தான் தருகின்றன. சிவப்பு விளக்கில் முற்றிலும் நின்று ஒவ்வொரு தடத்தையும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். பின்னால் ஒருவர் எழுந்து நின்று சிகிச்சை செய்துகொண்டிருப்பார் என்பதை மறந்து பிரேக்கை மிதிக்கும் ஓட்டுநரை எங்கள் குழுவில் வண்டியைத் தொடவிட மாட்டார்கள்.

திரும்பி வந்ததும் அறிக்கை எழுத வேண்டும். நேரங்கள், எடுத்த அளவுகள், கொடுத்த மருந்து, நோயாளி சொன்னவை அவர் சொன்னபடியே என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த அறிக்கைக்கு வெளியே நோயாளியைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. நோயாளியின் மருத்துவத் தகவல்களைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. சிறிய தமிழ்ச் சமூகத்தில் இதைக் காப்பது கடினம். யார் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது என்பது மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது அக்கறையோடு கேட்பார்கள். "அவங்ககிட்டயே கேளுங்கண்ணா, சந்தோஷப்படுவாங்க" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவேன். நம்பிக்கை ஒருமுறை குலைந்தால், அடுத்த முறை அழைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் உயிரைக் குடிக்கும்.

சில அழைப்புகளுக்குப் பின் தூக்கம் வராது. குழந்தைகள் சம்பந்தப்பட்டவை அப்படிப்பட்டவை. எங்கள் குழுவில் அத்தகைய இரவுக்குப் பிறகு யாரையும் நேரே வீட்டுக்கு அனுப்புவதில்லை. வண்டியைச் சுத்தம் செய்து, பொருள்களை நிரப்பி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடந்ததை ஆற அமரப் பேசுவோம். தேவைப்பட்டால் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வருகிறார்கள். வெளியில் சொல்ல முடியாத சுமையை, உடன் சுமந்தவர்களிடம் சொல்லிவிட முடிகிறது. வீட்டாரின் ஒப்புதல் இல்லாமல் இந்தப் பணியைத் தொடர இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பணிமுறை வாரம் ஓர் இரவு, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை. அன்றைய இரவு உணவையும் மறுநாள் காலைப் பொறுப்புகளையும் என் மனைவி ஏற்றுக்கொள்கிறார். அவருடைய பங்கு இந்தச் சேவையில் எழுதப்படாத பாதி.

அழைக்கத் தயங்குவோருக்குச் சில செய்திகள். கட்டணத்தைப் பற்றிய பயம் நியாயமானது. தன்னார்வக் குழுக்களில் சில கட்டணமே வாங்குவதில்லை, சில காப்பீட்டு நிறுவனத்திடம் மட்டும் கேட்கின்றன. உங்கள் ஊரின் வழக்கத்தை நல்ல நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் வந்த பெற்றோர் என்பதற்காக யாரும் விசா கேட்பதில்லை. 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பணம் கட்ட முடியுமா என்று பாராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவு நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும். அழைக்கும்போது முகவரியை முதலில் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் வண்டி வந்துசேரும். வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லவும், "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லவும் பழக்கிவையுங்கள். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் ஏற்பாடு பல மையங்களில் உண்டு. வாசல் விளக்கைப் போடுங்கள், கதவைத் திறந்துவையுங்கள், நாயைக் கட்டிவையுங்கள், ஒருவர் தெருவில் வந்து நில்லுங்கள். குடியிருப்பு வளாகங்களில் கட்டட எண்ணைத் தேடியே நாங்கள் மிகுந்த நேரத்தை இழக்கிறோம்.

சேர விரும்புவோருக்கு மருத்துவப் பின்னணி தேவையில்லை. பல குழுக்களில் 16 வயது மாணவர்களும் காடெட் எனப்படும் இளம் உறுப்பினர்களாகச் சேரலாம். குழுவின் உறுப்பினராக இருந்தால் ஈ.எம்.டி. வகுப்புக் கட்டணத்தை மாநிலத்தின் பயிற்சி நிதி ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதலில் வகுப்புக்குப் பணம் கட்டிவிடாமல் குழுவில் சேர்ந்த பின் விண்ணப்பியுங்கள். வேலை விசாவில் இருப்பவர்கள், ஊக்கத்தொகை அல்லது சேவைக்கால வெகுமதி ஏதேனும் குழுவில் தரப்படுகிறதா என்று கேட்டு, அதைப் பற்றித் தம் குடியேற்ற வழக்கறிஞரிடம் தெளிவு பெறுவது நல்லது. பகல் நேரத்தில் ஆள் பற்றாக்குறை மிகுதி. எல்லாரும் வேலைக்குப் போய்விடுவதால் பல ஊர்களில் பகற்பொழுதுக்குச் சம்பளப் பணியாளரை அமர்த்த வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து பணிபுரிவோரும் ஓய்வுபெற்றோரும் அந்த நேரத்தில் சில மணிகளைத் தர முடிந்தால் குழுவினர் மனமார வரவேற்பார்கள். ஈ.எம்.டி. ஆக விரும்பாதவர்கள் வண்டி ஓட்டலாம், கணக்கு வழக்குகளைப் பார்க்கலாம், நிதி திரட்டலாம். விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பணிமுறை மாறும் வேளையில் சென்றால் இரு அணியினரும் இருப்பார்கள், வண்டியின் அலமாரிகளைத் திறந்து காட்டுவார்கள், கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.